பெயரை மாற்றிக்கொண்டு பந்தயம் ஓடிய நடிகர்

(ஆடலூரிலிருந்து ஒரு பழைய மாணவர்)

‘தி கிரேட் எஸ்கேப்’ படம் நம்மில் பலருக்கு ஞாபகம் இருக்கும். ஜெர்மானியர்களின் சிறை முகாமிலிருந்து தப்பி ஓடும் அமெரிக்க விமானி ஒருவர், மோட்டார் சைக்கிளில் புல்மேட்டில் ஏறி முள்வேலியை அப்படியே தாண்டுவார். 1963-ல் வந்த படம். அந்த ஒரு தாண்டலுக்காகவே திரும்பத் திரும்பப் பார்த்தவர்கள் உண்டு. அந்த விமானியாக நடித்தவர் ஸ்டீவ் மெக்வீன். ஆனால் வேலியைத் தாண்டியது அவர் இல்லை. அவருடைய நண்பர் பட் எகின்ஸ். கதாநாயகனுக்குக் கால் கை முறிந்தால் படம் நின்றுவிடும் என்று தயாரிப்பாளர்களும் இன்சூரன்ஸ்காரர்களும் விடவில்லை. சும்மா இருப்பாரா மனுஷன்? ஜெர்மன் சிப்பாய் உடுப்பை மாட்டிக்கொண்டு, துரத்தும் காட்சிகளில் தானும் ஓட்டினார். அதாவது அந்தப் படத்தில் மெக்வீனை மெக்வீனே துரத்துகிறார்!

தாண்டியது அவர்தான் என்று ஊரே நம்பியது. பின்னால் டி.வி. நிகழ்ச்சியில் அதைப் பற்றிக் கேட்டபோது, அது நான் இல்லை, பட் எகின்ஸ் என்று பெயரைச் சொல்லிவிட்டார். சினிமாக்காரர்களில் இது அபூர்வம். அவருடைய சினிமா வாழ்க்கையைப் பற்றி எழுதியவர்கள் நிறையப் பேர். எனக்கு அதைவிட அவருடைய சனி, ஞாயிறுகள்தான் சுவாரஸ்யமாகப் படுகின்றன. ஆகவே அதையே எழுதுகிறேன்.

மெக்வீன் 1930 மார்ச் 24 அன்று அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் பீச் குரோவ் என்ற ஊரில் பிறந்தார். அப்பா விமானத்தில் சாகசம் காட்டிப் பிழைத்தவர். குழந்தை பிறந்த சில மாதத்தில் விட்டுவிட்டுப் போய்விட்டார். அம்மாவுக்குக் குடி. பையன் வளர்ந்தது மிசௌரி மாநிலத்தில் ஸ்லேட்டர் என்ற சிற்றூரில், கிளாட் என்ற தாத்தா முறைக்காரரின் பண்ணையில். நாலு வயதில் அந்தப் பெரியவர் ஒரு சிவப்பு மூன்று சக்கர சைக்கிள் வாங்கிக் கொடுத்தார். பந்தயப் பைத்தியம் அதில்தான் பிடித்தது என்பது பிற்காலத்தில் மெக்வீன் போட்ட கணக்கு. ஒரு காது சரியாகக் கேட்காது. எழுத்துக் கூட்டிப் படிப்பதிலும் சிரமம். அம்மாவிடம் போவதும் மாற்றாந்தகப்பன்களிடம் அடி வாங்குவதும் ஓடிப்போவதுமாக இருந்த பையனை, கடைசியில் கலிபோர்னியாவில் சினோ என்ற ஊரில் இருந்த ‘பாய்ஸ் ரிபப்ளிக்’கில் சேர்த்தார்கள். தறிகெட்டுத் திரியும் பையன்களுக்காக 1907-ல் தொடங்கப்பட்ட பள்ளிக்கூடம் அது. அங்கேயும் முதலில் தப்பித்து ஓடிப் பிடிபட்டார். அப்புறம் என்ன ஆயிற்றோ, நிலைத்தார். பையன்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுத்து நடத்திய நிர்வாகக் குழுவிலும் இடம் பிடித்தார்.

இந்தப் பள்ளிக்கூடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நம் மலரில் அவருக்கு இடம் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

1947-ல் அமெரிக்கக் கடற்படைக் காலாட்படையான மரீன் படையில் சேர்ந்து 1950-ல் வெளியே வந்தார். படையில் இருந்தவர்களுக்கு அரசாங்கம் படிப்புச் செலவு கொடுத்தது. அந்தப் பணத்தில் நியூயார்க்கில் நடிப்புப் படித்தார். சாப்பாட்டுக்கு? வாரக் கடைசியில் லாங் ஐலண்ட் சிட்டி பந்தயத் தளத்தில் மோட்டார் சைக்கிள் ஓட்டி, ஜெயித்தால் சுமார் 100 டாலர் கொண்டுவருவார். அவருடைய முதல் வண்டியின் கம்பெனிப் பெயர் ‘இந்தியன்’. நம் நாட்டுக்கும் அதற்கும் சம்பந்தம் ஒன்றும் கிடையாது, அமெரிக்கச் செவ்விந்தியர்களை வைத்து வந்த பெயர். ஆனாலும் படிக்கும்போது ஒரு சின்ன சந்தோஷம், இல்லையா?

1958-ல் தொடங்கிய டி.வி. தொடர் ஒன்றும், 1960-ல் ‘தி மேக்னிஃபிசென்ட் செவன்’ படமும் அவரை நட்சத்திரமாக்கின. கையில் காசு சேர்ந்தது. கார்ப் பந்தயமும் ஓட்டினார். ஆனால் மனசு போனது மண் பாதைக்கு. அந்தப் பக்கம் இழுத்துப் போனவர் பட் எகின்ஸ்தான். லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்தில் டிரையம்ப் மோட்டார் சைக்கிள் டீலர். அந்த வட்டாரப் பாலைவனப் பந்தயங்களில் அவரை அடிக்க ஆள் குறைவு. வண்டி வாங்கவும் ரிப்பேர் பார்க்கவும் கடைக்கு வந்து போன நடிகர், மெல்ல மெல்லச் சீடரானார்.

மொஹாவி பாலைவனத்தில் வெயில் கொளுத்தும் மாதங்களில் பந்தயம் வைக்க முடியாது. ஆகவே குளிர் மாதங்கள்தான் சீஸன். காட்சியைக் கற்பனை செய்து பாருங்கள். நூற்றுக்கணக்கான வண்டிகள் ஒரே வரிசையில் நிற்கும். பாதை என்று ஒன்று கிடையாது. பல மைல் தள்ளிப் பழைய டயரைக் கொளுத்திவிடுவார்கள். கொடி விழுந்ததும் அந்தக் கரும்புகையை நோக்கி எல்லாரும் ஒன்றாகப் பாய வேண்டும். புழுதியில் முன்னால் போகிறவன் தெரியமாட்டான். கல் எது, புதர் எது, பள்ளம் எது என்று சக்கரம் பட்டால்தான் தெரியும். புகை இருக்கும் இடத்தைத் தொட்ட பிறகு சுண்ணாம்புக் கோட்டையும் ரிப்பனையும் பார்த்துப் போக வேண்டும். பரிசு? பெரும்பாலும் ஒரு கோப்பை. பல லட்சம் டாலர் சம்பளம் வாங்குகிறவர் இந்தக் கோப்பைக்காகப் பல்லில் மண்ணோடு திரிந்தார் என்பதுதான் வேடிக்கை.

அப்போது அவர் ஓட்டியது டிரையம்ப் 650. எடை 160 கிலோவைத் தாண்டும். மணலில் விழுந்தால் தூக்கி நிறுத்துவதற்குள் மூச்சு வாங்கிவிடும்.

1964 அவர் வாழ்க்கையில் முக்கியமான வருஷம். ‘இன்டர்நேஷனல் சிக்ஸ் டேஸ் டிரையல்’ என்று ஒரு போட்டி. ஆறு நாள் காடு மேடு சுற்றி ஓட்டும் இதை மோட்டார் சைக்கிளின் ஒலிம்பிக் என்பார்கள். 1913-ல் இங்கிலாந்தில் தொடங்கியது. வேகமாக முதலில் வந்தால் மட்டும் போதாது, குறித்த நேரத்துக்குக் குறித்த இடத்தில் ஆஜராக வேண்டும். நாளுக்கு 200 கிலோமீட்டருக்கு மேல். சேறு, காடு, பாறை, ஓடை எல்லாம் உண்டு. வண்டியின் முக்கிய பாகங்களில் முதலிலேயே குறி போட்டுவிடுவார்கள், மாற்ற முடியாது. ராத்திரி வண்டியைப் பூட்டி வைத்துவிடுவார்கள், தொட முடியாது. பஞ்சர் ஆனாலும் செயின் அறுந்தாலும் ஓட்டுகிறவரே தான் சுமந்து வந்த கருவிகளை வைத்துச் சரிசெய்ய வேண்டும். அந்த நேரமும் கணக்கில் சேரும். மெக்கானிக் கை வைத்தால் ஆட்டம் முடிந்தது.

பன்றிமலை வழியாக எங்கள் ஆடலூருக்கு ஏறியவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. தார் ரோட்டை விட்டு, ஐப்பசி மழையில், காப்பித் தோட்டத்து மண் பாதையில் பின்னால் ஒரு மூட்டையோடு புல்லட்டை ஏற்றிப் பார்த்தவர்களுக்கு அரைப் பாடம் புரிந்திருக்கும். அந்த மாதிரி ஆறு நாள், கையில் கடிகாரத்தோடு! புல்லட் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். 1948-ல் இத்தாலியில் சான் ரெமோவில் இதே போட்டி நடந்தபோது, பிரிட்டிஷ் அணியில் இரண்டு பேர் ராயல் என்ஃபீல்டு புல்லட்டில் ஓட்டித் தங்கப் பதக்கம் வாங்கினார்கள். பின்சக்கரத்துக்கு ஸ்பிரிங் வைத்த புது மாதிரி அது. அந்த வடிவத்தின் வழியில் வந்த வண்டிதான் 1955-க்குப் பிறகு சென்னை திருவொற்றியூரில் உருவாகி நம் மலைகளில் ஏறியது.

1964 போட்டி செப்டம்பரில் கிழக்கு ஜெர்மனியில் எர்ஃபர்ட் நகரில். பெர்லின் சுவர் எழுந்து மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது. அமெரிக்காவும் கம்யூனிஸ்டு நாடுகளும் முறைத்துக்கொண்டிருந்த காலம். அந்த மண்ணுக்கு அமெரிக்கா முதன்முதலாக ஓர் அணியை அனுப்பியது. பட் எகின்ஸ், அவர் தம்பி டேவ் எகின்ஸ், கிளிஃப் கோல்மன், ஸ்டீவ் மெக்வீன் முதலானோர். இங்கிலாந்தில் டிரையம்ப் தொழிற்சாலையில் வண்டிகளை எடுத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தார்கள். தொடக்க விழா அணிவகுப்பில் நாட்டுக் கொடியைத் தூக்கிப் பிடித்து நடந்தவர் மெக்வீன். மற்ற நாட்டுக்காரர்கள் சினிமா நடிகரைக் கூட்டி வந்திருக்கிறார்களே என்று நினைத்திருந்தால் அதில் தப்பில்லை.

முதல் இரண்டு நாள் நன்றாகவே ஓட்டினார்கள். மூன்றாம் நாள் சனி பிடித்தது. பட் எகின்ஸ் மோதிக் கால் முறிந்து விலகினார். அதே நாளில் மெக்வீனும் விழுந்தார். அவருக்குக் காயம் பெரிதில்லை, வண்டிதான் தேறவில்லை. தன் கையால் சரிசெய்ய முடியாத வண்டியோடு இந்தப் போட்டியில் ஓர் அடி நகர முடியாது. முடிந்தது. கொடி தூக்கியவர் மூன்று நாளில் வெளியே. டேவ் எகின்ஸும் கிளிஃப் கோல்மனும் ஆறு நாளும் தாக்குப்பிடித்துத் தங்கப் பதக்கம் வாங்கினார்கள். அணிக் கோப்பை கிழக்கு ஜெர்மனிக்கே போயிற்று.

என் பார்வையில் அவர் வாழ்க்கையின் மிக நல்ல பந்தயம் இந்தத் தோற்ற பந்தயம்தான். படத்தில் என்றால் இன்னொரு ‘டேக்’ எடுத்திருப்பார்கள். எர்ஃபர்ட்டில் யாரும் எடுக்கவில்லை.

திரும்பி வந்தவர் விட்டுவிடவில்லை. கனமான டிரையம்பிலிருந்து சுமார் 110 கிலோ எடையுள்ள ஸ்வீடன் நாட்டு ஹஸ்க்வர்ணா 400-க்கு மாறினார். நான்கு ஸ்ட்ரோக் போய் இரண்டு ஸ்ட்ரோக். புல்லட்டிலிருந்து இறங்கி ஆர்.எக்ஸ். 100-ல் ஏறியவர்களுக்கு அந்த வித்தியாசம் தெரியும். பந்தயத்துக்குப் பெயர் கொடுக்கும்போது மட்டும் ஸ்டீவ் மெக்வீன் என்று கொடுக்காமல் ஹார்வி மஷ்மன் என்று கொடுப்பார். கூட்டம் கூடாது, பத்திரிகைக்காரர்கள் வரமாட்டார்கள், ஸ்டூடியோ முதலாளிகளுக்கும் தெரியாது. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டால் ஐந்நூறு பேரில் ஒருவர்.

கலிபோர்னியாவில் லேக் எல்சினோர் என்ற சிற்றூரில் அப்படி ஒரு பெரிய பந்தயம். ஊர்த் தெருக்களில் கிளம்பி, மண் பாதையிலும் மேட்டிலும் ஏறி, மறுபடி தெருவுக்கு வரும் சுற்று. ஹார்வி மஷ்மன் அங்கே முதல் பத்துப் பேருக்குள் வந்தார். ஜெயித்தவர் மால்கம் ஸ்மித். பிழைப்புக்கு மோட்டார் சைக்கிளையே நம்பியிருந்த அவரோடு, வாரக் கடைசியில் மட்டும் வரும் ஒருவர் இந்த அளவுக்கு ஓட்டியது பெரிய காரியம்தான். இதையெல்லாம் புரூஸ் பிரௌன் படம் பிடித்து, 1971-ல் ‘ஆன் எனி சண்டே’ என்ற ஆவணப்படமாக வெளியிட்டார். பணம் போட்டது மெக்வீனின் கம்பெனி. ஆஸ்கருக்கும் பரிந்துரையானது. மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவன் என்றால் ரௌடி என்று அதுவரை சினிமா காட்டியதை மாற்றியதில் இந்தப் படத்துக்குப் பங்கு உண்டு.

அதே எல்சினோரில்தான் 1970-ன் தொடக்கத்தில் விழுந்து இடது பாதத்தை முறித்துக்கொண்டார். இரண்டு வாரத்தில் ஃபுளோரிடாவில் செப்ரிங் 12 மணி நேரக் கார்ப் பந்தயம். மாவுக்கட்டோடு போர்ஷ் காரில் ஏறினார். பீட்டர் ரெவ்சனோடு சேர்ந்து இரண்டாம் இடம். மரியோ ஆண்ட்ரெட்டியின் ஃபெராரி அரை நிமிடத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் முந்தியது. நியாயமாகச் சொன்னால் அந்த 12 மணி நேரத்தில் பெரும்பகுதி ஓட்டியவர் ரெவ்சன். கூட்டம் கைதட்டியது மாவுக்கட்டுக்கு. மாணவத் தம்பிகளே, இதைப் பார்த்து யாரும் கட்டோடு பைக் எடுக்க வேண்டாம்!

அவர் உத்தமர் என்று எழுத வரவில்லை. போதைப் பழக்கம் இருந்தது, மூன்று கல்யாணம், சக நடிகர்களோடு ஓயாத போட்டி. ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் கடைசி வரை மாறவே இல்லை. படத்துக்கு ஒப்பந்தம் போடும்போது ஜீன்ஸ், எலெக்ட்ரிக் ரேஸர் என்று மொத்தமாகக் கேட்டு வாங்குவார். ஸ்டூடியோக்காரர்களுக்கு ஒன்றும் புரியாது. எல்லாம் சினோவில் இருந்த பாய்ஸ் ரிபப்ளிக்கின் பையன்களுக்குப் போயிற்று என்பது பின்னால்தான் தெரிந்தது. சாமான் அனுப்பியதோடு சரி என்று இருந்துவிடவில்லை. நேரில் போவார், பையன்களோடு உட்கார்ந்து பேசுவார், பில்லியர்ட்ஸ் ஆடுவார். எழுத்துக் கூட்டப் பிடிக்காத மனுஷன், அவர்கள் எழுதிய கடிதங்களுக்குப் பதிலும் போட்டார்.

1978-ல் ஆஃப் ரோடு பந்தய வீரர்களின் கௌரவப் பட்டியலில் அவர் பெயர் சேர்ந்தது. அந்தச் சமயத்தில் சான்டா பவுலா என்ற ஊரில் விமானக் கொட்டகை ஒன்றில் பழைய மோட்டார் சைக்கிள்களோடு குடியிருந்தார், விமானம் ஓட்டவும் கற்றுக்கொண்டார். 1979 டிசம்பரில் மீசோதீலியோமா என்று டாக்டர்கள் கண்டுபிடித்தார்கள். ஆஸ்பெஸ்டாஸ் தூசியால் நுரையீரலைச் சுற்றியுள்ள சவ்வில் வரும் புற்றுநோய். தூசி உள்ளே போய்ப் பல பத்து வருஷம் கழித்துத்தான் தலைகாட்டும். மரீன் படையில் கப்பல் குழாய்களிலிருந்து ஆஸ்பெஸ்டாஸை உரித்த வேலை காரணமாக இருக்கலாம் என்பது அவருடைய எண்ணம். அந்தக் காலப் பந்தய உடுப்புகளிலும் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. அமெரிக்க டாக்டர்கள் கைவிரிக்க, மெக்ஸிகோவுக்குப் போய் மாற்று வைத்தியம் என்ற பெயரில் என்னென்னவோ செய்துகொண்டார். 1980 நவம்பர் 7 அன்று அங்கே ஒரு மருத்துவமனையில், ஆபரேஷன் முடிந்த பிறகு இதயம் நின்றது. வயது 50. அஸ்தியைப் பசிபிக் கடலில் தூவினார்கள்.

உயிலில் பாய்ஸ் ரிபப்ளிக்குக்கு 2 லட்சம் டாலர் எழுதி வைத்திருந்தார். அங்கே அவர் பெயரில் பையன்களுக்கு ஒரு பொழுதுபோக்கு மையம் இருக்கிறது. 1984 நவம்பரில் லாஸ் வேகாஸில் அவருடைய பொருட்களை ஏலம் விட்டார்கள். சேர்த்து வைத்திருந்த மோட்டார் சைக்கிள்கள் மட்டும் நூற்றுக்கு மேல். அதில் நிறைய ‘இந்தியன்’ வண்டிகளும் இருந்தன.