மன்னர் வரலாற்றைத் தமிழில் எழுதிய பள்ளி ஆசிரியர்

ஐப்பசி சதய நாள் நெருங்கினால் போதும், ராஜராஜ சோழனை எங்கள் சாதிக்காரன் என்று சொல்லும் சுவரொட்டிகள் ஊர்தோறும் முளைத்துவிடும். ஒட்டுகிற இளைஞர்களில் எத்தனை பேர் ஒரு கல்வெட்டையாவது படித்திருப்பார்கள்? சோழர் வரலாற்றைச் சான்றுகளோடு தமிழில் எழுதி, சாதாரண வாசகன் கையில் கொடுத்த தி.வை. சதாசிவ பண்டாரத்தாரை அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். சேரி மக்களாகிய நாமும் தெரிந்துகொள்ள வேண்டும்.

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் உள்ள திருப்புறம்பியத்தில் 1892ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று பிறந்தவர் அவர். சிற்றூர்தான், ஆனால் பெரிய வரலாறு கொண்ட ஊர். ஏறக்குறைய 880ஆம் ஆண்டில் பாண்டியன் படையும், பல்லவர், கங்கர், சோழர் கூட்டுப் படையும் இங்கேதான் மோதின. கங்க மன்னன் பிருதிவிபதி இந்தப் போரில் மாண்டான். பாண்டியர் தோற்றார்கள், பல்லவர் தளர்ந்தார்கள், சோழர் எழுந்தார்கள். அந்தப் போர்க்கள மண்ணில் வளர்ந்த பையன், பிற்காலத்தில் அந்தச் சோழரின் வரலாற்றை எழுதினார்.

கும்பகோணம் பாணாதுறை உயர்நிலைப் பள்ளியில் 25 ஆண்டுகள் தமிழாசிரியராக இருந்தார். வரலாற்றுத் துறைப் பேராசிரியர் பதவியோ, ஆராய்ச்சிக்கென்று அரசு தந்த வசதியோ அப்போது அவருக்கு இல்லை. பள்ளிக்கூட வேலைக்கு நடுவேதான் ஆராய்ச்சி நடந்தது. கோயில் சுவர்க் கல்வெட்டுகள், செப்பேடுகள், அரசின் கல்வெட்டுத் துறை வெளியிட்ட தொகுதிகள் எல்லாவற்றையும் தேடிப் படித்தார். மன்னரின் வெற்றிகளைப் பாட்டாகச் சொல்லும் மெய்க்கீர்த்திகளையும், கலிங்கத்துப்பரணி போன்ற இலக்கியங்களையும் கல்வெட்டோடு ஒத்துப்பார்த்தார். பாட்டில் எது புகழ்ச்சி, எது நடந்த செய்தி என்று பிரித்துப் பார்க்கத் தமிழ்ப் புலமை அவருக்குக் கைகொடுத்தது.

1930இல் முதற் குலோத்துங்க சோழன் பற்றிய நூல் வந்தது. 1940இல் பாண்டியர் வரலாறு. 1942இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அவரை அழைத்துக்கொண்டது. அங்கே இருந்தபோதுதான் பெரும்பணியான பிற்காலச் சோழர் சரித்திரம் உருவானது. முதல் பகுதி 1949இலும் இரண்டாம் பகுதி 1951இலும் வெளிவந்தன. ஆட்சிமுறையைச் சொல்லும் மூன்றாம் பகுதியும் உண்டு. தாம் பிறந்த ஊருக்கும், செம்பியன் மாதேவி என்ற ஊருக்கும் தனித்தனியே தல வரலாறு எழுதினார். 1960ஆம் ஆண்டு ஜனவரி 2 அன்று காலமானார்.

அந்தக் காலத்தில் சோழர் வரலாறு என்றால் நீலகண்ட சாஸ்திரியார் எழுதிய பெரிய ஆங்கில நூல்தான். ஆங்கிலம் தெரியாதவனுக்குத் தன் ஊர்க் கோயில் சுவரில் இருக்கும் செய்திகூட எட்டாது. பண்டாரத்தாரின் தமிழ் நூல்கள் அந்தக் கதவைத் திறந்தன. பெரியவர் சொன்னது என்பதற்காக எதையும் அவர் அப்படியே ஏற்கவில்லை. ஆதித்த கரிகாலன் கொலையில் உத்தம சோழனுக்குப் பங்கு இருக்கலாம் என்று சாஸ்திரியார் ஐயப்பட்டார். உடையார்குடிக் கல்வெட்டை வைத்தே பண்டாரத்தார் அதை மறுத்தார். மாணவர்கள் அவரிடம் கற்க வேண்டியது இதைத்தான். ஆள் யார் என்று பார்க்காமல் சான்று எது என்று கேட்க வேண்டும்.

அவர் நூல்களில் நடுவில் நிற்பவர்கள் மன்னர்களே. போர், பட்டம், கொடை, கோயில் என்றுதான் பெரும்பகுதி செல்கிறது. நம் முன்னோரைத் தேடுகிறவனுக்கு அது போதாது. ஆனால் கல்வெட்டைச் சான்றாக வைக்கும் பழக்கத்தை ஊன்றிவிட்டுப் போனாரே, அது நமக்கும் உதவுகிற கருவி.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டையே எடுத்துக்கொள்வோம். கோயிலுக்கு விடப்பட்ட ஊர்களின் நிலத்தை அளந்து, அதில் வரியில்லாத நிலம் எது என்று கணக்கர்கள் கழித்து எழுதியிருக்கிறார்கள். ஊர் நத்தம், குளம், வாய்க்கால், கோயில், சுடுகாடு என்று நீளும் அந்தப் பட்டியலில் பறைச்சேரி இருக்கிறது. கம்மாணச்சேரி இருக்கிறது. தீண்டாச்சேரி என்றே ஒரு பெயர் இருக்கிறது. பறையர் சுடுகாடு தனியாகக் குறிக்கப்பட்டிருக்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஊர் பிரிந்திருந்தது, சாவிலும் பிரிந்திருந்தது என்பதை மன்னனின் கல்லே சொல்கிறது. அந்தக் காலத்தில் பிராமணர் ஊர்களின் பகுதிகளுக்கும் சேரி என்றுதான் பெயர். அந்தச் சொல் எப்போது, எப்படி நம் தலையில் மட்டும் இழிவாகச் சுமத்தப்பட்டது என்பது தனியே ஆராய வேண்டிய கேள்வி.

பொற்காலம் என்று மேடையில் முழங்குகிறவர்கள் இந்த வரிகளைப் படிப்பதில்லை. மன்னனை வெறுமனே திட்டுகிறவர்களும் படிப்பதில்லை. காவிரிக் கரை வயல்களில் உழுதவர்கள் யார், நெல்லைக் கோயில் களஞ்சியத்துக்கு விளைவித்துக் கொடுத்தவர்கள் எங்கே குடியிருந்தார்கள் என்பதற்கு அந்தச் சுவரிலேயே தடயம் இருக்கிறது. படிக்கத் தெரிந்தவன் வந்தால் போதும்.

கல்லூரியில் தமிழும் வரலாறும் படிக்கும் நம் பிள்ளைகளிடம் கேட்பது ஒன்றுதான். பிற்காலச் சோழர் சரித்திரத்தை நூலகத்தில் எடுத்துப் படியுங்கள். பிறகு தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகளைத் திறந்து உங்கள் ஊரின் பெயரைத் தேடுங்கள். நிலத்துக்கு நான்கெல்லை சொல்லும் இடங்களிலும், வரியில்லா நிலப் பட்டியலிலும் சேரியும் சுடுகாடும் வருகின்றனவா என்று குறித்துவையுங்கள். ஒரு பள்ளி ஆசிரியர் வேலைக்கு நடுவே மன்னர்களின் வரலாற்றை எழுதி முடித்தார். உழுதவர்களின் வரலாறு இன்னும் முழுதாக எழுதப்படவில்லை. அதை எழுத வேண்டியவர்கள் நீங்கள்.