ஆஸ்டின் காருக்குப் பெயர் தந்தவர்

ராயபுரத்தில் இருந்து கடலை ஒட்டி வடக்கே போனால், திருவொற்றியூரைத் தாண்டியதும் எண்ணூர் வரும். ஒரு காலத்தில் அது சிறிய மீனவர் கிராமம். அங்கே ஒரு மோட்டார் தொழிற்சாலை எழுந்தது. 1948-ம் ஆண்டு ரகுநந்தன் சரண் என்ற தேசபக்தர் தொடங்கிய கம்பெனியின் தொழிற்சாலை அது. "அசோக் மோட்டார்ஸ்" என்பது கம்பெனியின் பெயர். அசோக், அவருடைய ஒரே மகன்.

இங்கிலாந்தில் இருந்து கப்பலில் பாகங்கள் வந்தன. எண்ணூர் தொழிலாளர்கள் அவற்றை ஒன்று சேர்த்துப் பூட்டிக் காராக்கினார்கள். 1949-ல் முதல் கார் வெளியே வந்தது. அதுதான் "ஆஸ்டின் ஏ-40".

அந்தப் பெயருக்கு உரிய ஆஸ்டின், அப்போது உயிரோடு இல்லை. 8 ஆண்டுகளுக்கு முன்பே இறந்து விட்டார். யார் அவர்?

விவசாயி மகன்

ஹெர்பர்ட் ஆஸ்டின் 1866-ம் ஆண்டு நவம்பர் 8-ந் தேதி, இங்கிலாந்தில் லிட்டில் மிசெண்டன் என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை ஒரு விவசாயி. பின்னர் குடும்பம் யார்க்ஷயர் பகுதிக்குக் குடியேறியது. அங்கேதான் ஹெர்பர்ட் படித்தார்.

அவருடைய தாய்மாமன் ஆஸ்திரேலியாவில் இருந்தார். ஒருமுறை அவர் ஊருக்கு வந்தபோது, மருமகனையும் கூட அழைத்துக்கொண்டு போனார். இருபது வயதுகூட நிரம்பாத ஹெர்பர்ட், மெல்பர்ன் நகரத் தொழிற்சாலைகளில் யந்திர வேலை பழகினார். 1887-ல் ஹெலன் என்ற பெண்ணை அங்கேயே மணந்துகொண்டார்.

ஆட்டு மயிர் யந்திரம்

ஆஸ்திரேலியாவில் ஆட்டுப் பண்ணைகள் ஏராளம். ஆட்டு மயிரைக் கையால் கத்தரித்து வந்த வேலைக்கு ஒரு யந்திரம் செய்தார், பிரெடரிக் உல்ஸ்லி என்பவர். ஆனால் அந்த யந்திரம் அடிக்கடி மக்கர் செய்தது.

ஆஸ்டின் என்ன செய்தார் தெரியுமா? பட்டறையில் உட்கார்ந்து யோசிக்கவில்லை. நேரே ஆட்டுப் பண்ணைகளுக்கே போய்விட்டார். யந்திரம் எங்கே சிக்குகிறது, எந்தப் பாகம் தேய்கிறது என்று கண்ணால் பார்த்தார். குறைகளைக் கண்டுபிடித்துத் திருத்தினார். உல்ஸ்லி கம்பெனி அவரைத் தன்னிடமே வேலைக்கு வைத்துக்கொண்டது.

1893-ல் கம்பெனியின் நிர்வாகியாக இங்கிலாந்து திரும்பினார். பர்மிங்ஹாம் நகரில் வேலை. வெளியில் வாங்கிய பாகங்கள் மட்டமாக இருந்ததால்தான் யந்திரங்கள் கெடுகின்றன என்று தெரிந்தது. பாகங்களைச் சொந்தத் தொழிற்சாலையிலேயே செய்ய ஏற்பாடு செய்தார். தொல்லை குறைந்தது.

மயிர் கத்தரிக்கும் வேலை ஆண்டு முழுவதும் நடப்பதில்லை. மற்ற மாதங்களில் தொழிற்சாலைக்கு வேறு வேலை வேண்டும். அப்போதுதான் மோட்டார் வண்டி மீது ஆஸ்டினின் கவனம் திரும்பியது. 1896-ல் மூன்று சக்கர வண்டி ஒன்றைச் செய்து முடித்தார். 1900-ம் ஆண்டு நடந்த ஆயிரம் மைல் ஓட்டப் பரீட்சையில், தாம் செய்த நான்கு சக்கரக் காரைத் தாமே ஓட்டிப் பரிசு பெற்றார்.

பாழடைந்த அச்சகம்

எஞ்சினை எப்படி அமைப்பது என்பதில் முதலாளிகளுடன் கருத்து வேற்றுமை ஏற்பட்டது. 1905-ல் ஆஸ்டின் வேலையை விட்டு விலகினார். அவருக்கு வயது 38.

பர்மிங்ஹாமுக்கு அருகே லாங்பிரிட்ஜ் என்ற இடத்தில் மூடிக்கிடந்த ஓர் அச்சகத்தை வாங்கினார். அடுத்த ஆண்டே அங்கிருந்து "ஆஸ்டின்" என்ற பெயருடன் கார் வெளிவந்தது.

தொழில் வளர்ந்தது. ஆனால் 1914-ல் முதல் உலக யுத்தம் மூண்டது. அவருடைய ஒரே மகன் வெர்னன் பட்டாளத்தில் அதிகாரி. 1915-ம் ஆண்டு ஜனவரி மாதம், பிரான்ஸ் நாட்டுப் போர்முனையில் கொல்லப்பட்டான். தனக்குப் பிறகு தொழிலை ஏற்பான் என்று தந்தை நம்பியிருந்த பிள்ளை அவன்.

துயரத்தை ஆஸ்டின் வேலையில் புதைத்தார். லாங்பிரிட்ஜில் வெடிகுண்டுகளும் விமானங்களும் தயாராயின. 20 ஆயிரம் பேருக்கு மேல் வேலை செய்தார்கள். 1917-ல் அரசர் அவருக்கு "சர்" பட்டம் அளித்தார்.

கடனில் மூழ்கிய கம்பெனி

யுத்தம் முடிந்ததும் சோதனை வந்தது. "ஆஸ்டின் 20" என்ற பெரிய கார் ஒன்றையே நம்பிக் கம்பெனி இறங்கியது. வாங்க ஆள் இல்லை. அந்த நேரம் பார்த்து, 1921 முதல் ஒரு குதிரை சக்திக்கு ஒரு பவுன் வீதம் கார்களுக்கு வரி வந்தது. பெரிய கார் வைத்திருப்பதே சுமையாகி விட்டது.

1921-ல் கம்பெனி கடனில் மூழ்கியது. ரிசீவர் நியமிக்கப்பட்டார். ஆஸ்டினுக்கு வயது 54. மகனும் இல்லை, தொழிலும் கைநழுவும் நிலை.

மோட்டார் சைக்கிளில் பக்கத் தொட்டி பூட்டி, மனைவி மக்களை ஏற்றிக்கொண்டு மழையில் நனைந்து போகும் மக்கள் அவர் கண்ணில் பட்டார்கள். அந்த இடத்துக்குள் அடங்கும் ஒரு சின்னக் கார் செய்தால் என்ன என்று நினைத்தார். டைரக்டர்கள் ஒப்பவில்லை. ஆஸ்டின் விடவில்லை. சொந்தப் பணத்தைப் போட்டார். தொழிற்சாலையில் வரைபடம் தீட்டி வந்த ஸ்டான்லி எட்ஜ் என்ற 18 வயது இளைஞனைத் தம் வீட்டுக்கு அழைத்தார். வீட்டு பில்லியர்ட்ஸ் அறையில் கிழவரும் இளைஞனும் உட்கார்ந்து காரை வரைந்தார்கள்.

1922-ல் "ஆஸ்டின் செவன்" பிறந்தது. நீளம் சுமார் 9 அடி. எடை சுமார் 360 கிலோ. விலை 165 பவுன். பொம்மை வண்டி என்று பலர் சிரித்தார்கள். சிரித்தவர்களும் பிறகு வாங்கினார்கள்! 1939 வரை சுமார் 2 லட்சத்து 90 ஆயிரம் வண்டிகள் விற்றன. கம்பெனி பிழைத்தது. ஜெர்மனியில் பி.எம்.டபிள்யூ. கம்பெனி கார் தொழிலில் நுழைந்ததும் இந்தக் காரை உரிமம் பெற்றுச் செய்துதான்.

வீட்டு வாசலில் ரிப்பேர்

இந்தக் காரின் பெரிய சிறப்பு, அதன் எளிமை. தண்ணீரைச் சுற்றிவிட பம்ப் கிடையாது. சுட்ட தண்ணீர் தானே மேலே ஏறும், ஆறியது தானே கீழே இறங்கும். ஆரம்ப கால வண்டிகளில் பெட்ரோல் பம்ப்பும் இல்லை. உயரத்தில் இருந்த டாங்கியில் இருந்து பெட்ரோல் தானாக இறங்கி வந்தது. இல்லாத பாகம் கெடாது அல்லவா?

டிரைவர் வைத்துக்கொள்ள வசதியில்லாத குமாஸ்தாவும் பள்ளி ஆசிரியரும் இதை வாங்கினார்கள். நாலு ஸ்பானரை வைத்துக்கொண்டு வீட்டு வாசலிலேயே பழுது பார்த்தார்கள். பின்னாளில் பந்தயக் கார்களால் புகழ் பெற்ற காலின் சாப்மன், 1948-ல் தம் முதல் காரைப் பழைய ஆஸ்டின் செவனைக் கொண்டே ஒரு கொட்டகையில் கட்டினார். நியூசிலாந்தின் புரூஸ் மெக்லாரன் பழகியதும் இதே வண்டியில்தான்.

1936-ல் ஆஸ்டின் பிரபு ஆனார். அதே ஆண்டு, கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையின் கேவண்டிஷ் விஞ்ஞானக் கூடத்துக்கு 2 லட்சத்து 50 ஆயிரம் பவுன் நன்கொடை தந்தார். 1941-ம் ஆண்டு மே 23-ந் தேதி, தம் 74-வது வயதில் காலமானார்.

எண்ணூரில் பூட்டப்பட்ட ஏ-40, அவர் இறந்த பின் 1947-ல் லாங்பிரிட்ஜில் உருவானது. ஆனால் பழக்கம் அவருடையதே. பானெட்டைத் தூக்கினால் எல்லாப் பாகமும் கைக்கு எட்டும். பிளக்கைக் கழற்றிக் கரி சுரண்டலாம். பாயிண்ட் இடைவெளியைச் சரி பார்க்கலாம். கார்புரேட்டரில் அடைத்த தூசியை ஊதித் தள்ளலாம். பாட்டரி படுத்துவிட்டால், முன்னால் கைப்பிடியைச் செருகிச் சுற்றிக் கிளப்பலாம்.

ரகுநந்தன் சரண் விமான விபத்தில் மாண்டார். கார்களைவிட லாரிகளும் பஸ்களுமே நாட்டுக்கு அவசியம் என்று அவர் கருதியிருந்தார். அதன்படியே லேலண்டு கம்பெனி கூட்டுச் சேர்ந்தது. 1950-களின் நடுவில் அது "அசோக் லேலண்டு" ஆயிற்று. எண்ணூரில் கார் பூட்டும் வேலை நின்றது.

லாங்பிரிட்ஜில் ஆஸ்டின் தொடங்கிய தொழிற்சாலையும் 2005-ல் நொடித்து விட்டது. ஆனால் பழைய ஏ-40 வண்டிகள் சில இன்னும் ஓடுகின்றன. ஞாயிற்றுக்கிழமை காலையில் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, கையில் கிரீஸுடன் குனிந்து நிற்கிறார்கள் அவற்றின் சொந்தக்காரர்கள். ஆட்டுப் பண்ணையில் யந்திரத்தின் முன் ஆஸ்டின் நின்றதும் இப்படித்தான்.