குளத்தில் இறங்கிய விண்கலம்

வேற்றுக்கிரகத்து ஆள் என்றாலே பூமியை அழிக்க வருகிறவன் என்றுதான் பழைய ஆங்கிலப் படங்கள் பலவற்றில் பார்த்திருக்கிறோம். அவனை ஒரு வங்காளக் கிராமத்துக்கு வந்த விருந்தாளியாக நினைத்துப் பார்த்தவர் டைரக்டர் சத்யஜித் ரே.

1921 மே 2-ந் தேதி கல்கத்தாவில் பிறந்தார். பாட்டனார் உபேந்திரகிஷோர் 1913-ல் "சந்தேஷ்" என்ற சிறுவர் பத்திரிகையைத் தொடங்கியவர். தந்தை சுகுமார் ரே குழந்தைகளுக்கு வேடிக்கைப் பாட்டுகள் எழுதிப் புகழ் பெற்றவர். ரேக்கு இரண்டு வயதாக இருக்கும்போதே தந்தை காலமாகிவிட்டார். தாயார்தான் வளர்த்து ஆளாக்கினார்.

அடகில் பிறந்த படம்

விளம்பரக் கம்பெனியில் ஓவியர் உத்தியோகம். அதை விடாமலே விடுமுறை நாட்களில் "பதேர் பாஞ்சாலி" படத்தை எடுக்கத் தொடங்கினார். இன்ஷூரன்ஸ் பாலிசியும் மனைவியின் நகைகளும் அடகுக்குப் போயின. நடுவில் பணமில்லாமல் படம் நின்றது. மேற்கு வங்க அரசு கைகொடுக்க, 1955-ல் வெளிவந்து உலகப் புகழ் பெற்றது.

வாத்தியாரின் சிநேகிதன்

நின்றுபோயிருந்த "சந்தேஷ்" பத்திரிகையை 1961-ல் மீண்டும் நடத்த ஆரம்பித்தார். அடுத்த ஆண்டு அதில் ஒரு கதை எழுதினார். பங்குபாபு ஒரு கிராமப் பள்ளி ஆசிரியர். பரம சாது. ஊரார் கேலியை எல்லாம் வாய் திறக்காமல் பொறுத்துக் கொள்பவர். ஒருநாள் இரவு, வழி தவறி இறங்கிய வேற்றுக்கிரகவாசியைச் சந்திக்கிறார். அவன் அவருக்குத் தைரியம் ஊட்டிவிட்டுப் போகிறான். பிறகு பங்குபாபு கேலி செய்தவர்களை நிமிர்ந்து நின்று கேட்கிறார்.

இந்த எண்ணத்தை விரித்து 1967-ல் "தி ஏலியன்" திரைக்கதையை எழுதினார். கிராமத்துக் குளத்தில் விண்கலம் இறங்குகிறது. நீருக்கு மேல் தெரியும் அதன் நுனியைப் பார்த்து, மூழ்கிய கோயில் என்று ஜனங்கள் கும்பிடுகிறார்கள். வந்தவனோ ஹாபா என்ற ஏழைச் சிறுவனோடு கனவில் விளையாடுகிறான்.

கொலம்பியா கம்பெனி முன்வந்தது. பிரபல நடிகர் பீட்டர் செல்லர்ஸ் மார்வாடி வியாபாரியாக நடிப்பதாக இருந்தது. திரைக்கதை உரிமையில் சிக்கல் எழுந்தது. செல்லர்ஸும் விலகினார். படம் எடுக்கப்படவே இல்லை.

1982-ல் ஸ்பீல்பெர்க்கின் "ஈ.டி." வந்தது. குழந்தையோடு நட்புக் கொள்ளும் வேற்றுக்கிரகவாசியைக் கண்டு உலகமே உருகியது. தமது திரைக்கதையின் பிரதிகள் அமெரிக்காவில் உலவியதே அதற்கு வழி வகுத்தது என்று ரே கருதினார். ஸ்பீல்பெர்க் அதை மறுத்தார். ரே வழக்குக்குப் போகவில்லை. அடுத்த படங்களைக் கவனித்தார்.

1992-ல் ஆஸ்கார் கௌரவ விருது கல்கத்தா ஆஸ்பத்திரிப் படுக்கைக்கே வந்து சேர்ந்தது. அதே ஆண்டு ஏப்ரல் 23-ந் தேதி காலமானார்.

படம் நமக்குக் கிடைக்கவில்லை. கதை இருக்கிறது. வானத்திலிருந்து வந்தவன் ராஜாவையோ பட்டாளத்தையோ தேடவில்லை, ஊர் சிரித்த ஒரு வாத்தியாரிடம் பேசினான். குழந்தைகளுக்குச் சொல்ல இதைவிட நல்ல கதை வேண்டுமா?