மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் போட்டவர்

குழந்தைகளே, ஜவ்வாது மலைக்குப் பஸ்ஸில் போயிருக்கிறீர்களா? போளூரில் ஏறி ஜமுனாமரத்தூர் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து பாருங்கள். சமவெளியில் குஷியாக ஓடி வந்த பஸ், மலைப்பாதை தொடங்கியதும் முனக ஆரம்பித்துவிடும். டிரைவர் கியரைக் குறைப்பார். இன்ஜின் சத்தம் கூடும், வேகம் குறையும். ஒவ்வொரு வளைவிலும் பஸ் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஏறுவதுபோல இருக்கும்.

இப்போது வரும் பஸ், கார்களில் இன்ஜினைக் கவனித்துக்கொள்ள ஒரு குட்டிக் கணினி இருக்கிறது. இன்ஜின் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது, எவ்வளவு பாரம் இழுக்கிறது, எவ்வளவு காற்று உள்ளே வருகிறது என்பதையெல்லாம் அது பார்த்துக்கொண்டே இருக்கும். எந்த நேரத்தில் எவ்வளவு எரிபொருள் தரவேண்டும் என்று அதற்குள் ஒரு பெரிய வாய்ப்பாடு எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. நீங்கள் பெருக்கல் வாய்ப்பாட்டைப் பார்த்து விடை சொல்வதுபோல, அதுவும் தன் வாய்ப்பாட்டைப் பார்த்து இன்ஜினுக்குக் கட்டளை இடுகிறது. கார்ப் பிரியர்களான சில அண்ணன்கள் இந்த வாய்ப்பாட்டையே மாற்றி எழுதி, இன்ஜினின் சக்தியைக் கூட்டுகிறார்கள். இதற்கு ரீமேப்பிங் என்று பெயர்.

சரி, நூறு ஆண்டுகளுக்கு முன்னால்? அப்போது கணினியும் இல்லை, வாய்ப்பாடும் இல்லை. இன்ஜின் என்ன சொல்கிறது என்று காதால் கேட்டு, கையால் திருகித்தான் சரிசெய்ய வேண்டும். நம் தமிழ்நாட்டில் அந்த வித்தையில் கரை கண்டவர் ஒருவர் இருந்தார். அவர் எந்த இன்ஜினியரிங் கல்லூரியிலும் படித்தவர் அல்ல. பள்ளிக்கூடத்தையே பாதியில் விட்டவர். அவர்தான் கோவை ஜி.டி. நாயுடு.

கோவைக்குப் பக்கத்தில் உள்ள கலங்கல் என்னும் கிராமத்தில் 1893-ஆம் ஆண்டு மார்ச் 23-ஆம் தேதி பிறந்தார் கோபால்சாமி துரைசாமி நாயுடு. விவசாயக் குடும்பம். சின்ன வயதிலேயே தாயை இழந்துவிட்டார். பள்ளிக்கூடம் அவருக்குப் பிடிக்கவே இல்லை. ஒருநாள் ஆசிரியர் மீதே மண்ணை வாரி வீசிவிட்டாராம்! அதோடு படிப்புக்கு முழுக்கு. (இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவரைப் பின்பற்றிவிடாதீர்கள். பிற்காலத்தில் அவரே பெரிய கல்லூரி ஒன்றைத் தொடங்க வேண்டி வந்தது. அந்தக் கதை பின்னால் வருகிறது.)

பள்ளியை விட்ட பிறகு தோட்ட வேலை. ஆனால் படிப்பதை அவர் விட்டுவிடவில்லை. கிடைத்த தமிழ்ப் புத்தகங்களைத் தானாகவே படித்தார். பாடம்தான் கசந்ததே தவிர, தெரிந்துகொள்ளும் ஆசை குறையவில்லை.

அந்த நாளில்தான் ஊருக்குள் அந்த அதிசயம் வந்தது. ஆங்கிலேய அதிகாரி ஒருவர் ரட்ஜ் என்ற மோட்டார் சைக்கிளில் வந்தார். மாட்டு வண்டியையும் குதிரை வண்டியையும் மட்டுமே பார்த்திருந்த கிராமம் அது. மாடும் இல்லை, குதிரையும் இல்லை, மிதிக்கவும் இல்லை. வண்டி தானாக ஓடுகிறது! ஊரே வாயைப் பிளந்து பார்த்தது. துரைசாமிக்கு மட்டும் வேறு ஆசை. அதற்குள் என்ன இருக்கிறது என்று பார்த்தே ஆகவேண்டும்!

பார்க்க வேண்டும் என்றால் வண்டி வேண்டும். வண்டி வேண்டும் என்றால் பணம் வேண்டும். வீட்டில் கேட்டால் கிடைக்குமா? கிளம்பிவிட்டார் கோவைக்கு. ஒரு ஹோட்டலில் சர்வர் வேலை. இலை போட்டு, பரிமாறி, மேசை துடைத்து, கிடைத்த சம்பளத்தைச் செலவு செய்யாமல் சேர்த்து வைத்தார். ஒன்றல்ல, இரண்டல்ல, மூன்று ஆண்டுகள்! சுமார் 300 ரூபாய் சேர்ந்தது. அந்தக் காலத்தில் அது பெரிய தொகை. பிறகு அதே அதிகாரியைத் தேடிப் போய், அதே மோட்டார் சைக்கிளை விலைக்கு வாங்கினார்.

வாங்கியவர் என்ன செய்தார்? ஊர் சுற்றினாரா? இல்லை. வண்டியைப் பிரித்துப் போட்டார்! ஒவ்வொரு நட்டாக, ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றிப் பார்த்தார். மறுபடியும் மாட்டினார். மூன்று வருடச் சம்பளம் தரையில் துண்டு துண்டாகக் கிடக்கிறது. திரும்ப ஓடாவிட்டால் அவ்வளவும் போச்சு! சொல்லித்தர ஒருவரும் இல்லை. ஆனாலும் மாட்டி முடித்தார். எந்தப் பாகம் எதற்கு என்று விரல்களே சொல்லும் அளவுக்குத் தெரிந்துகொண்டார்.

அவர் அந்த இன்ஜினுக்குள் என்ன பார்த்திருப்பார்? நாமும் கொஞ்சம் எட்டிப் பார்ப்போம்.

பெட்ரோல் இன்ஜினின் இதயம் சிலிண்டர் என்ற உருளை. அதற்குள் பிஸ்டன் மேலும் கீழும் போய் வரும். பெட்ரோலும் காற்றும் கலந்து உள்ளே வரும். பிஸ்டன் மேலே ஏறி அந்தக் கலவையை இறுக்கமாக அழுத்தும். அப்போது ஸ்பார்க் பிளக் ஒரு தீப்பொறியைத் தட்டும். கலவை எரிந்து விரிந்து, பிஸ்டனைக் கீழே தள்ளும். அந்தத் தள்ளுதல்தான் சக்கரத்தைச் சுற்றுகிறது.

இதில் இரண்டு விஷயங்கள் சரியாக இருக்க வேண்டும். ஒன்று, கலவை. ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடைக் கணக்கில் ஏறக்குறைய பதினைந்து பங்கு காற்று வேண்டும். மண்ணெண்ணெய் ஸ்டவ்வைப் பார்த்திருக்கிறீர்களா? காற்று போதவில்லை என்றால் மஞ்சளாக எரிந்து பாத்திரத்தைக் கரியாக்கும். இன்ஜினும் அப்படித்தான். பெட்ரோல் அதிகமானால் கரும்புகை கக்கும், காசும் கரையும். காற்று அதிகமானால் இன்ஜின் திணறும், சூடாகும். அந்தக் காலத்தில் இந்தக் கலவையைச் செய்தது கார்புரேட்டர் என்ற கருவி. அதில் உள்ள சின்னத் திருகைக் கால் சுற்று, அரைச் சுற்று திருப்பி, சத்தத்தைக் கேட்டுத்தான் சரிசெய்வார்கள்.

மலை ஏறினால் இன்னொரு சிக்கலும் உண்டு. ஜவ்வாது மலையில், பெரிய தொலைநோக்கிகள் இருக்கும் காவலூர், கடல் மட்டத்தில் இருந்து சுமார் 725 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேலே போகப் போகக் காற்றின் அடர்த்தி குறையும். சமவெளியில் சரியாகத் திருகி வைத்த பழைய கார்புரேட்டர், உயரமான மலையில் பெட்ரோலைக் கூடுதலாகத் தர ஆரம்பித்துவிடும்!

இரண்டாவது, தீப்பொறியின் நேரம். ஊஞ்சலைத் தள்ளும்போது சரியான நொடியில் தள்ளினால்தானே உயரப் போகும்? முன்கூட்டியே தள்ளினால் கையில் அடிபடும். தாமதித்தால் தள்ளியதே வீண். தீப்பொறியும் அப்படித்தான். ரொம்ப முந்தினால் இன்ஜினுக்குள் யாரோ சுத்தியலால் தட்டுவதுபோல டக் டக் என்று சத்தம் வரும். ரொம்பப் பிந்தினால் சக்தி போய்விடும்.

இன்றைய ரீமேப்பிங்கில் மாற்றுவதும் இதே சங்கதிகளைத்தான். எவ்வளவு எரிபொருள், எந்த நொடியில் என்பதுதான் கேள்வி. அன்று திருகு, இன்று எண்கள். அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் ஒன்று. கார்க் கம்பெனிக்காரர்கள் வெயில், மட்டமான எரிபொருள், புகைக் கட்டுப்பாடு எல்லாவற்றையும் யோசித்துத்தான் அந்த எண்களை எழுதியிருக்கிறார்கள். இன்ஜினைப் பற்றித் தெரியாமல் அதில் கைவைத்தால் பிஸ்டனே உருகிப் போகலாம். புகை அளவு எல்லை மீறினால் சட்டமும் சும்மா விடாது.

நாயுடுவின் கதைக்குத் திரும்புவோம். மோட்டார் சைக்கிளுக்குப் பிறகு அவர் பருத்தி வியாபாரத்தில் இறங்கினார். திருப்பூரில் நல்ல லாபம். அந்தத் தைரியத்தில் பம்பாய்க்குப் போனார். அங்கே பெரிய வியாபாரிகளோடு மோதி, சம்பாதித்ததை எல்லாம் இழந்து வெறுங்கையோடு கோவைக்குத் திரும்பினார்.

அப்போது கோவையில் ராபர்ட் ஸ்டேன்ஸ் என்ற ஆங்கிலேயத் தொழிலதிபர் இருந்தார். நாயுடுவின் கைத்திறமையைக் கண்ட அவர் கடன் கொடுத்து உதவினார். 1920-ஆம் ஆண்டு ஒரு பஸ் வாங்கப்பட்டது. பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அது ஓடியது. ஓட்டியது யார் தெரியுமா? முதலாளியான நாயுடுவேதான்!

ஒரே ஒரு பஸ். அதுவும் கடனில் வாங்கியது. நடுவழியில் இன்ஜின் நின்றுவிட்டால் பயணிகள் வெயிலில் தவிப்பார்கள். மறுநாள் மாட்டு வண்டிக்கே போய்விடுவார்கள். கடன் எப்படி அடையும்? பம்பாயில் ஒருமுறை எல்லாவற்றையும் இழந்தவருக்கு இன்னொரு வாய்ப்பு கிடைப்பது சுலபமல்ல. அன்றைக்கு வழியில் மெக்கானிக் கடையும் கிடையாது. டிரைவருக்கே இன்ஜின் தெரிந்திருந்தால்தான் பிழைப்பு. கலங்கலில் பிரித்துப் போட்ட மோட்டார் சைக்கிள் இங்கேதான் கைகொடுத்தது.

ஒரு பஸ் இரண்டானது, பத்தானது. யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ், சுருக்கமாக யு.எம்.எஸ். என்ற பெயர் கொங்கு நாடு முழுக்கப் பரவியது. 1930-களில் இருநூறுக்கும் அதிகமான வண்டிகள் அவரிடம் இருந்தன. பழுது பார்க்க வெளியாட்களை நம்பி இருக்கவில்லை. சொந்தப் பட்டறை வைத்துக்கொண்டார். நேரம் தவறுவது அவருக்கு அறவே பிடிக்காது. நாட்டிலேயே மிகத் திறமையாக நடந்த பஸ் நிறுவனங்களில் ஒன்று என்று யு.எம்.எஸ். பெயர் வாங்கியது.

பட்டறைக்காரரின் கை சும்மா இருக்குமா? வெளிநாடுகளுக்குப் போனார், பார்த்தார், ஊர் திரும்பியதும் தானே செய்து பார்த்தார். ரசன்ட் என்ற பெயரில் மின்சார முகச்சவரக் கருவி, மிக மெல்லிய பிளேடு, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் சுற்றும் மின்விசிறி, ஓட்டுப் பதிவு இயந்திரம் என்று பட்டியல் நீளும். 1937-இல் இந்தியாவில் முதன்முதலாக மின்சார மோட்டார் தயாரானது கோவை பீளமேட்டில் உள்ள அவரது தொழிற்சாலையில்தான். டி. பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து அதைச் செய்தார். இன்று கோவை என்றாலே மோட்டார் பம்ப் நினைவுக்கு வருகிறதே, அதன் தொடக்கப் புள்ளி இதுதான்.

பருத்தி, சோளம், பப்பாளி ஆகியவற்றில் புது ரகங்களையும் உண்டாக்கினார். அவரது தோட்டத்தைப் பார்க்க சர் சி.வி. ராமன் வந்தார், விஸ்வேஸ்வரய்யா வந்தார்.

முதலில் சொன்ன கல்லூரிக் கதைக்கு வருவோம். பள்ளியை விட்டு ஓடிய அதே நாயுடு, தன் பணத்தில் கோவையில் ஒரு பாலிடெக்னிக்கையும், 1945-இல் ஒரு பொறியியல் கல்லூரியையும் உருவாக்கினார். அன்றைய சென்னை மாகாண கவர்னர் ஆர்தர் ஹோப் பெயர் அவற்றுக்கு வைக்கப்பட்டது. கல்லூரியின் முதல்வரும் நாயுடுதான். ஆனால் அவருக்கு ஒரு பிடிவாதம். பொறியியல் படிக்க நான்கு ஆண்டுகள் எதற்கு, பட்டறையிலேயே வைத்துச் சொல்லிக் கொடுத்தால் இரண்டு ஆண்டுகள் போதுமே என்றார். அரசு சம்மதிக்கவில்லை. பதவியை விட்டு விலகிவிட்டார். அவர் சொன்னது முழுக்கச் சரி என்று சொல்ல முடியாது. கணக்கும் இயற்பியலும் ஊறுவதற்குக் காலம் வேண்டும். ஆனால் கையில் கிரீஸ் படாமல் இன்ஜினியர் ஆகிவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு அவருடைய கேள்வி இன்றும் உறுத்தலாகத்தான் இருக்கும். அந்தக் கல்லூரி கோவை அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி என்ற பெயரில் இப்போதும் நடக்கிறது.

நாயுடுவின் வாழ்க்கையில் நெஞ்சைத் தொடும் பகுதி, அவர் செய்த கார்தான். 1952-ஆம் ஆண்டு அவரது பட்டறையிலிருந்து ஒரு குட்டிக் கார் வெளியே வந்தது. இரண்டு பேர் உட்காரலாம். பெட்ரோலில் ஓடும். விலை 2,000 ரூபாய் மட்டுமே! ஹோட்டலில் மேசை துடைத்து ஒரு மோட்டார் சைக்கிள் வாங்க மூன்று வருடம் காத்திருந்தவர் அல்லவா? சாதாரண மனிதனுக்கு வண்டி எவ்வளவு எட்டாத பொருள் என்று அவருக்குத் தெரியாதா என்ன?

ஆனால் அன்றைக்குத் தொழிற்சாலையில் கார் தயாரிக்க வேண்டுமானால் அரசின் உரிமம் வேண்டும். நாயுடுவின் காருக்கு உரிமம் கிடைக்கவில்லை. ஓடத் தெரிந்த கார், ஓட வழியில்லாமல் நின்றுபோனது. எந்த இன்ஜின் நின்றாலும் எங்கே கோளாறு என்று கண்டுபிடித்துவிடும் அந்தக் கைகளால் இதைச் சரிசெய்ய முடியவில்லை. நடுத்தரக் குடும்பத்துக்கான மலிவு விலைக் கார் என்று டாடா நானோ விற்பனைக்கு வந்தது 2009-இல். நடுவே 57 ஆண்டுகள் ஓடிவிட்டன!

1974 ஜனவரி 4-ஆம் தேதி ஜி.டி. நாயுடு காலமானார். கோவை அவிநாசி சாலையில் 2025-இல் திறக்கப்பட்ட சுமார் 10 கிலோமீட்டர் நீள மேம்பாலத்துக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

அதே அவிநாசி சாலையில் அவர் குடும்பத்தாரின் கார் அருங்காட்சியகமும் இருக்கிறது. விடுமுறையில் கோவைக்குப் போனால் அப்பா, அம்மாவோடு போய்ப் பாருங்கள். மிகப் பழைய கார்கள் சிலவற்றில் ஸ்டீயரிங் சக்கரத்துக்கு அடியில் இரண்டு சின்ன நெம்புகோல்கள் நீட்டிக்கொண்டிருக்கும். 1908-இல் அமெரிக்காவில் வந்த ஃபோர்டு மாடல் டி காரிலும் அப்படி உண்டு. ஒன்று வேகத்துக்கு. மற்றொன்று தீப்பொறியை முந்த வைக்கவும் பிந்த வைக்கவும். அந்தக் காலத்து டிரைவர் ஒரு கையால் ஸ்டீயரிங்கைப் பிடித்து, இன்னொரு கையால் அதை நகர்த்தியபடி, காதை இன்ஜின் பக்கமே வைத்துக்கொண்டு ஓட்டுவார். எந்தக் காரில் அந்த நெம்புகோல் இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள் பார்க்கலாம்!