ஆடல் பயின்ற அம்மையார்

தோற்றுவாய்

கொங்கு நாட்டின் கோவை மாநகருக்கு அண்மையில், நொய்யலாற்றங்கரையில் அமைந்துள்ளது பேரூர். மேலைச் சிதம்பரம் என்று அடியார்கள் போற்றும் பட்டீசர் திருக்கோயில் அவ்வூரில் உள்ளது. அக்கோயிலின் கனகசபை மண்டபத் தூண்களைக் காண்பவர் வியவாமல் இரார். ஒரு காலைத் தலைக்கு மேல் உயர்த்தி ஆடும் ஊர்த்துவ தாண்டவர், யானையின் தோலை உரித்துப் போர்த்து நிற்கும் இறைவர் முதலிய திருவுருவங்களை நாயக்கர் காலத்துச் சிற்பிகள் கருங்கல்லிலே உயிர்பெறச் செய்துள்ளனர். தமிழ்மக்கள் ஆடலை எவ்வளவு உயர்வாக மதித்தனர் என்பதற்கு அத்தூண்களே சான்றாகும்.

ஆயினும், கல்லிலே கண்ட ஆடலைக் கைகூப்பித் தொழுத மக்களே, அவ்வாடலைத் தம் பெண்மக்கள் பயிலுதல் இழிவு என்று எண்ணிய காலமும் ஒன்று இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கமே அக்காலம். அவ்வெண்ணத்தை மாற்றத் துணிந்து, தாமே மாணவியாக அமர்ந்து ஆடல் பயின்றவர் ருக்மிணி தேவி அம்மையார். அவர் முதற்கண் பயின்றது நம் நாட்டு ஆடலன்று. ஐரோப்பிய நாட்டுப் பாலே நடனமாகும். அயல்நாட்டுக் கலையில் அடியெடுத்து வைத்தவர் தாய்நாட்டுக் கலையை வந்தடைந்த வரலாறு அறிந்து மகிழத்தக்கது.

பிறப்பும் இளமையும்

ருக்மிணி தேவியார் 1904 ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 29 ஆம் நாள் மதுரை மாநகரிற் பிறந்தார். தந்தையார் நீலகண்ட சாஸ்திரியார் பொறியியல் வல்லுநர். வடமொழிப் புலமை மிக்கவர். தாயார் சேஷம்மாள் இசையிற் பெருவிருப்பம் உடையவர். தந்தையார் பிரம்மஞான சபையில் ஈடுபாடு கொண்டு, சென்னை அடையாற்றில் குடும்பத்துடன் குடியேறினார். அங்கே அன்னி பெசன்ட் அம்மையாரின் நல்லன்பைப் பெறும் பேறு ருக்மிணிக்கு வாய்த்தது.

அச்சபையில் பணிபுரிந்த ஆங்கிலேயக் கல்வியாளர் ஜார்ஜ் அருண்டேல் என்பவரை அவர் 1920 ஆம் ஆண்டு மணந்தார். அந்தணர் குலப்பெண் ஒருத்தி அயல்நாட்டாரை மணப்பதா என்று ஊரார் சினந்தனர். செய்தித்தாள்கள் கடிந்து எழுதின. பதினாறு வயது நிரம்பிய இளநங்கை அவ்வளவு பழிச்சொற்களையும் பொறுத்துக்கொண்டார். ஊரார் உரைக்கு அஞ்சாத உறுதி அவர்க்கு அன்றே வாய்த்தது. அவ்வுறுதி பிற்காலத்தில் அவர்க்குப் பெரிதும் துணைசெய்தது.

பாவ்லோவாவின் நட்பு

கணவருடன் பல நாடுகளுக்கும் சென்ற ருக்மிணி தேவியார், உருசிய நாட்டு ஆடலரசி அன்னா பாவ்லோவாவின் நடனத்தைக் கண்டு உள்ளம் உருகினார். பாவ்லோவா, துணி வெளுத்துப் பிழைத்த ஏழைத்தாய் ஒருத்தியின் மகள். சிறுமியாய் இருந்தபோது பாலே நடனம் ஒன்றைக் கண்டு, தானும் அவ்வாறே ஆடவேண்டும் என்று உறுதி பூண்டாள். உடல் மெலிந்த அச்சிறுமியை அரச நடனப் பள்ளியார் முதலில் ஏற்றிலர். அவள் மனம் தளராது மீண்டும் முயன்று, 1891 ஆம் ஆண்டில் அப்பள்ளியிற் சேர்ந்தாள். பின்னர் உலகம் போற்றும் ஆடல்மகளானாள்.

1928 ஆம் ஆண்டு பாவ்லோவா தம் குழுவினருடன் இந்தியா வந்தார். அக்காலத்தில் பம்பாயில் ருக்மிணி தேவியார்க்கும் அவர்க்கும் பழக்கம் ஏற்பட்டது. பின்னர் இருவரும் ஆஸ்திரேலியா நோக்கி ஒரே கப்பலிற் பயணம் செய்தனர். கடற்பயணத்தில் அப்பழக்கம் நட்பாக முதிர்ந்தது. ருக்மிணி தேவியாரின் ஆர்வத்தைக் கண்ட பாவ்லோவா, தம் குழுவின் நடனமணிகளுள் ஒருவரான கிளியோ நோர்டி என்பவரை அவர்க்கு ஆசிரியராக அமைத்தார். இவ்வாறு, இருபத்தைந்து வயதை எட்டிய நிலையில் அவர் பாலே நடனத்தின் முதற்பாடத்தைத் தொடங்கினார்.

பாலே என்னும் கலை

பாலே நடனம் இத்தாலிய அரண்மனைகளில் தோன்றிப் பிரான்சு நாட்டில் வளர்ந்தது. பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயி 1661 ஆம் ஆண்டில் நடனத்திற்கென ஒரு கழகமே நிறுவினார். அதனாலேயே அக்கலையின் சொற்கள் இன்றும் உலகெங்கும் பிரெஞ்சு மொழியில் வழங்குகின்றன. பின்னர் அது உருசிய நாட்டிற் பெருஞ்சிறப்பு எய்தியது.

மேடையிற் காணும்போது அந்நடனம் காற்றில் மிதக்கும் இறகுபோல் எளிதாகத் தோன்றும். அதனைப் பயில்வோர் படும் பாடோ பெரிது. புதிதாகப் பயில வந்த மாணவர், சுவரையொட்டி இடுப்பளவு உயரத்தில் அமைந்த கழியை ஒரு கையாற் பற்றிக்கொண்டு நிற்பர். பாதங்களை வைத்து நிற்கும் நிலைகள் ஐந்து. ஒவ்வொரு நிலையிலும் கால்கள் இடுப்பு மூட்டிலிருந்தே வெளிப்புறமாகத் திரும்பியிருத்தல் வேண்டும். பாதத்தை மட்டும் திருப்பினால் முழங்கால் வருந்தும். முதுகு நிமிர்ந்திருக்க, முழங்கால்களை மெல்ல மடக்கி மீண்டும் எழுதல் முதற்பயிற்சி. பாதத்தைத் தரையோடு உராய்ந்தவாறே நீட்டி விரல்நுனியை நிறுத்தி, மீண்டும் இழுத்துக்கொள்ளுதல் அடுத்த பயிற்சி. இவற்றை ஒரு நாளில் எத்தனையோ முறை செய்தல் வேண்டும். ஆண்டுக்கணக்கிற் பயின்ற பின்னரே, நுனி கெட்டியாக்கப்பட்ட காலணியை அணிந்து கால்விரல்களின் முனையில் எழுந்து நிற்க மாணவியர்க்கு இசைவு தருவர். புகழின் உச்சியை அடைந்தவரும் நாள்தோறும் அக்கழியருகே வந்து முதற்பயிற்சியிலிருந்தே தொடங்குவது அக்கலையின் மரபு.

எலும்பும் தசையும் இளகியிருக்கும் எட்டு வயதிலோ பத்து வயதிலோ தொடங்கற்குரிய கலை இது. இருபத்தைந்து வயதில் தொடங்குபவர்க்கு உடல் எளிதில் வளைந்து கொடுப்பதில்லை. சமூகத்தில் உயர்நிலையில் இருந்த ஓர் அம்மையார், சிறுமியர் பயிலும் பாடத்தைத் தாமும் பயில நாணவில்லை. கற்பவர்க்கு முதலில் வேண்டுவது பணிவு என்பதை அவர் அறிந்திருந்தார்.

தாய்நாட்டுக் கலை

பாவ்லோவா பிறநாட்டுக் கலைகளையும் மதிக்கும் பேருள்ளம் படைத்தவர். 1923 ஆம் ஆண்டிலேயே அவர் உதயசங்கர் என்னும் இந்திய இளைஞரின் துணைகொண்டு, இராதையும் கண்ணனும் தோன்றும் நடனம் ஒன்றை இலண்டன் மாநகரில் அரங்கேற்றியிருந்தார். அவர் ருக்மிணி தேவியாரிடம், பாலே பயில்வது நன்றேயாயினும், ஒவ்வொருவரும் தத்தம் நாட்டின் கலையைத் தேடி உயிர்ப்பித்தலே தலையாய கடமை என்று அன்புடன் அறிவுறுத்தினார். அவ்வறிவுரை அம்மையாரின் வாழ்க்கையையே மாற்றியது.

அக்காலத்தில் தமிழ்நாட்டு ஆடற்கலை சதிர் என்னும் பெயரால் வழங்கிற்று. கோயில்களில் தொண்டு புரிந்த தேவரடியார் குலத்துப் பெண்டிரும், அவர்க்குக் கற்பித்த நட்டுவனார்களும் அதனைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்தனர். அரசரும் செல்வரும் அளித்த ஆதரவு குறைந்தபோது அவர்கள் வறுமையுற்றனர்; சமூகத்தின் இகழ்ச்சிக்கும் ஆளாயினர். சதிரை ஒழிக்கவேண்டும் என்ற குரல் ஒருபால் எழுந்தது. வழக்கறிஞர் ஈ. கிருஷ்ணையர் முதலியோர் அக்கலையைக் காக்க மறுபால் முயன்றனர். சென்னை மியூசிக் அகாடமியில் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவியர் ஆடியதைக் கண்ட ருக்மிணி தேவியார், தாம் தேடிய செல்வம் தம் நாட்டிலேயே இருப்பதை உணர்ந்தார்.

மீண்டும் முதற்பாடம்

அம்மையார் இரண்டாம் முறையாகத் தொடக்க மாணவியானார். மயிலாப்பூர்க் கபாலீச்சரர் கோயிலில் ஆடிவந்த கௌரி அம்மாளிடமும், பின்னர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் அவர் பயின்றார். பிள்ளையவர்கள் தஞ்சை நால்வர் எனப் புகழ்பெற்ற சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு ஆகியோரின் மரபில் வந்தவர். முப்பது வயதை நெருங்கும் ஒருவர்க்கு, அதுவும் அக்குலமரபில் வாராத ஒருவர்க்குக் கற்பிக்க அவர் முதலில் தயங்கினார். அம்மையாரின் உறுதி அத்தயக்கத்தை வென்றது.

இங்கும் முதற்பாடம் முழங்காலை மடக்குவதேயாகும். இடுப்பிலிருந்து கால்களை வெளிப்புறமாகத் திருப்பி, முதுகு நிமிர, அரைமண்டியில் நிற்றல் வேண்டும். ஆசிரியர் தட்டுக்கழியால் தாளம் தட்ட, தட்டடவு, நாட்டடவு முதலிய அடவுகளை மூன்று காலங்களிலும் ஆடுதல் வேண்டும். பாலே நடனமும் சதிரும் கால்களைத் திருப்பி நிற்பதில் ஒத்திருப்பினும், நோக்கில் வேறுபட்டவை. முன்னது மண்ணை விட்டு மேலெழ விழைகிறது. பின்னது மண்ணில் ஊன்றி நின்று, காலடியாற் தாளத்தை எழுப்புகிறது. இரண்டையும் உடலால் உணர்ந்தவர் ஆதலின், தம் நாட்டுக் கலையின் தனித்தன்மையை அம்மையார் தெளிவாக அறிந்தார்.

1935 ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில், பிரம்மஞான சபையின் வைர விழாவை ஒட்டி அடையாற்றில் ருக்மிணி தேவியார் மக்கள்முன் ஆடினார். கண்டவர் வியந்தனர். ஆயின், இவ்வழியைக் காட்டிய பாவ்லோவா அதனைக் காணக் கொடுத்து வைக்கவில்லை. அவர் 1931 ஆம் ஆண்டிலேயே மறைந்துவிட்டார்.

கலாக்ஷேத்திரம்

1936 ஆம் ஆண்டு தொடக்கத்தில் அம்மையார் அடையாற்றில் ஒரு கலைப்பள்ளியை நிறுவினார். அதுவே பின்னர்க் கலாக்ஷேத்திரம் என்னும் பெயர் பெற்றுத் திருவான்மியூரில் பரந்து விளங்குகிறது. மரநிழலில் வகுப்புகள் நடைபெற்றன. டைகர் வரதாச்சாரியார், பாபநாசம் சிவன், மைசூர் வாசுதேவாச்சாரியார் போன்ற இசைவல்லுநர் அங்குப் பணிபுரிந்தனர். எல்லாக் குலத்து மாணவரும் ஆடல் பயில அங்கு வழி பிறந்தது. 1944 ஆம் ஆண்டில் குற்றாலக் குறவஞ்சி நாட்டிய நாடகமாயிற்று. 1955 முதல் 1970 வரை இராமகாதை ஆறு நாடகங்களாக உருப்பெற்றது. மேலைநாட்டு மேடைகளைக் கண்டறிந்த அவருடைய பயிற்சி, ஒளி அமைப்பிலும் ஆடுவோரை மேடையில் அணிவகுத்து நிறுத்துவதிலும் பயன்பட்டது. அடவும் அபிநயமும் தமிழ்நாட்டு மரபின்வழி நின்றன. தறி நெய்தலும் அக்கலைக்கூடத்தில் வளர்ந்தது. உ. வே. சாமிநாதையர் தொகுத்த ஏடுகளையும் நூல்களையும் காக்கும் நூல்நிலையமும் 1943 ஆம் ஆண்டில் அம்மையார் முயற்சியால் தோன்றியது.

அவர் செய்த மாற்றங்களை எல்லோரும் ஏற்றனர் என்று கூறுதல் பொருந்தாது. காதற்சுவை மிக்க பதங்கள் சிலவற்றை அவர் விலக்கினார். தேவரடியார் மரபில் வந்த மாபெரும் ஆடற்கலைஞர் தஞ்சாவூர் பாலசரசுவதி, அச்சுவையே ஆடலின் உயிர் என்று வாதிட்டார். புதியோர்க்கு மேடை கிடைத்தபோது, அக்கலையை வறுமையிலும் காத்த மகளிர் பலர் மேடை இழந்தனர் என்பதும் உண்மையே. ஆதலின், அம்மையாரைப் போற்றும்போது, அவர்க்குக் கற்பித்த கௌரி அம்மாளையும் மீனாட்சிசுந்தரம் பிள்ளையையும் மறவாது போற்றுதலே முறையாகும்.

பிற தொண்டுகள்

வாய்பேசா உயிர்களிடத்தும் அம்மையார் பேரருள் கொண்டிருந்தார். 1952 ஆம் ஆண்டு மாநிலங்களவை உறுப்பினராக அமர்த்தப்பெற்ற அவர், விலங்குகளை வதைப்பதைத் தடுக்கும் சட்டம் வேண்டுமென ஓயாது உழைத்தார். அவ்வுழைப்பின் பயனாக 1960 ஆம் ஆண்டில் அச்சட்டம் நிறைவேறியது. 1956 ஆம் ஆண்டு அவர்க்குப் பத்மபூஷண் விருது வழங்கப்பெற்றது. 1977 ஆம் ஆண்டில் குடியரசுத் தலைவர் பதவிக்கு நிற்குமாறு தலைமையமைச்சர் மொரார்ஜி தேசாய் வேண்டியபோதும், அப்பெரும் பதவியை விழையாது மறுத்தார்.

முடிவுரை

1986 ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 24 ஆம் நாள் ருக்மிணி தேவியார் இயற்கை எய்தினார். அவர் நிறுவிய கலைக்கூடம் 1993 ஆம் ஆண்டுச் சட்டத்தால் நாட்டுச் சிறப்புடைய நிறுவனமாக ஏற்கப்பெற்றது.

இன்று கோவை, ஈரோடு முதலிய கொங்கு நகரங்களில் மாலை வேளையில் தட்டுக்கழியின் ஓசை கேட்கிறது. பள்ளி மாணவியரும் கல்லூரி மாணவியரும் நாணமின்றி அரைமண்டியில் நின்று அடவு பயில்கின்றனர். பெற்றோர் அருகிருந்து மகிழ்கின்றனர். பேரூர்த் தூண்களில் உறைந்திருந்த ஆடலை மீண்டும் மனைகளுக்கு அழைத்து வந்தவர்களுள் ருக்மிணி தேவியார் ஒருவர். பிறர் கலையை மதித்துக் கற்றார். அதனாற் தம் கலையின் அருமையை உணர்ந்தார். வயது கருதாமல் இருமுறை முதற்பாடம் படித்தார். கற்கத் தொடங்குவதற்குக் காலம் கடந்துவிட்டது என்று சோர்வோர்க்கு அவர் வாழ்க்கை நல்லதொரு வழிகாட்டியாகும்.