முதல் தேர்தலில் தோற்ற உழவர் மகன்

விளைந்ததைச் சந்தைக்குக் கொண்டுபோக வழியில்லாத வேதனை உங்களுக்குத் தெரியும். 1832-ல் அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலத்தில் 23 வயது இளைஞர் ஒருவர் இதை முன்வைத்தே சட்டமன்றத் தேர்தலில் நின்றார். அவர்தான் ஆபிரகாம் லிங்கன். உழவரின் மகனான அவர், அப்போது நியூ சேலம் என்ற சிற்றூரில் கடைச் சிப்பந்தி.

எந்தக் கட்சியும் அவரை நிறுத்தவில்லை. சங்கமன் ஆற்றைச் சீர்செய்து படகு விட வேண்டும், கந்துவட்டியைத் தடுக்க வேண்டும், கல்வி பரவ வேண்டும் என்று தாமே அறிக்கை வெளியிட்டார். இடையில் படையில் சேர்ந்து போனதால், ஓட்டுக் கேட்க மிகக் குறைந்த நாட்களே மிஞ்சின.

4 இடங்களுக்கு 13 பேர் போட்டி. லிங்கன் 8-வதாக வந்து தோற்றார். ஆனால், அவரை நேரில் அறிந்த சொந்த ஊரில் 300 ஓட்டுகளில் 277 அவருக்கே விழுந்தன. 1834-ல் மீண்டும் நின்று வென்றார்.

குடியரசுத் தலைவரான பின், 1862-ல் உள்நாட்டுப் போருக்கு நடுவிலும் 3 சட்டங்களில் கையெழுத்திட்டார். ஒன்று, வேளாண் துறையை அமைத்தது. அடுத்தது, 5 ஆண்டுகள் குடியிருந்து பயிர் செய்தவருக்கு 160 ஏக்கர் வழங்கியது. மூன்றாவது, வேளாண் கல்லூரிகள் தொடங்க மாநிலங்களுக்கு நிலம் ஒதுக்கியது.

அந்தக் கல்லூரிகளின் மாதிரியில்தான், இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தின் உதவியோடு, நம் நாட்டின் முதல் வேளாண் பல்கலைக்கழகம் 1960-ல் பந்த்நகரில் உருவானது. அடுத்த முறை வேளாண் பல்கலைக்கழகத்துக்கு விதை வாங்கப் போகும்போது, அந்த 277 ஓட்டுகளை நினைத்துக்கொள்ளுங்கள்.