வீணாய்ப் போன புகையை வேலை வாங்கியவர்

சென்னை தேனாம்பேட்டை. அண்ணா சாலையில் பச்சை விளக்கு விழுகிறது. நின்றிருந்த டீசல் பஸ் கிளம்புகிறது. என்ஜின் உறுமலோடு, சீட்டி அடிப்பது போன்ற மெல்லிய ஓசை ஒன்றும் கேட்கிறது.

அது என்ன ஓசை?

என்ஜினை ஒட்டி ஒரு சிறு சக்கரம் சுழல்கிறது. அதன் ஓசைதான் அது. அந்தக் கருவிக்கு டர்போ என்று பெயர். இன்று ஓடும் டீசல் பஸ், லாரிகளில் பெரும்பாலானவற்றில் அது இருக்கிறது. ரயில் என்ஜினிலும் கப்பலிலும் இருக்கிறது. சிறிய கார்களிலும் வந்துவிட்டது. பழைய சிறு கார் வைத்திருப்பவர்கள் சிலர், நம் வண்டியிலும் ஒன்றை மாட்டிவிடலாமா என்று கணக்குப் போடுகிறார்கள்.

இந்தக் கருவியை உலகுக்குக் கொடுத்தவர் ஆல்பிரட் பியூக்கி. அது ஒரே நாளில் கிடைத்த வெற்றி அல்ல. இருபது ஆண்டு உழைப்பு!

தொழிற்சாலை ஊரில் பிறந்தார்

சுவிட்சர்லாந்து நாட்டில் விண்டர்தூர் என்று ஓர் ஊர் உண்டு. நம் கோவையைப் போல் இயந்திரத் தொழிலுக்குப் பெயர் போன ஊர். அங்கே 1879-ம் ஆண்டு ஜூலை 11-ந் தேதி பியூக்கி பிறந்தார். அவருடைய தந்தை, சுல்சர் என்ற பெரிய இயந்திரத் தொழிற்சாலையில் உயர்ந்த பதவி வகித்தவர். இயந்திரங்களுக்கு நடுவே மகன் வளர்ந்தார்.

சூரிச் நகரத்துத் தொழில்நுட்பக் கல்லூரியில் படித்து, 1903-ம் ஆண்டு என்ஜினீயர் பட்டம் பெற்றார். பெல்ஜியத்திலும் இங்கிலாந்திலும் வேலை பார்த்தார். அப்போது ஒரு விஷயம் அவர் மனதை உறுத்தியது.

என்ஜினில் எரிபொருள் எரிகிறது. அதன் சூட்டில் ஒரு பங்குதான் வண்டியை ஓட்டுகிறது. பெரும் பகுதி, புகைக் குழாய் வழியாகவும் மற்ற வழிகளிலும் வீணாகப் போய்விடுகிறது. காசு கொடுத்து வாங்கிய எண்ணெய் இப்படிக் காற்றோடு போகலாமா?

கொல்லன் உலையும் துருத்தியும்

கொல்லன் உலையைப் பாருங்கள். கரியை மட்டும் அள்ளிப் போட்டால் தீ ஓங்காது. துருத்தியால் காற்றை ஊத வேண்டும். என்ஜினும் அப்படித்தான். அதிகக் காற்று உள்ளே போனால், அதிக எண்ணெயை எரிக்கலாம். சக்தி கூடும்.

ஆனால் துருத்தியை ஊதுவது யார்?

வெளியே போகும் புகையையே ஊத வைத்தால் என்ன என்று யோசித்தார் பியூக்கி. புகை வேகமாக வந்து ஒரு சக்கரத்தைச் சுழற்றும். அதே தண்டின் மறுமுனையில் இன்னொரு சக்கரம். அது வெளிக்காற்றை இழுத்து, அழுத்தி, என்ஜினுக்குள் தள்ளும். இதுதான் டர்போவின் அடிப்படை.

1905-ம் ஆண்டு நவம்பர் 16-ந் தேதி இந்த யோசனைக்கு அவர் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். அப்போது அவருக்கு வயது 26!

தோல்வியும் பொறுமையும்

யோசனை காகிதத்தில் அழகாக இருந்தது. செய்து பார்த்தபோதுதான் கஷ்டம் தெரிந்தது. நெருப்பாய்ச் சுடும் புகையில், மின்னல் வேகத்தில் ஒரு சக்கரம் சுழல வேண்டும். அதைத் தாங்கும் உலோகம் அந்த நாளில் எளிதில் கிடைக்கவில்லை.

1909-ம் ஆண்டு பியூக்கி தாய்நாடு திரும்பி, சுல்சர் தொழிற்சாலையில் சேர்ந்தார். 1911-ல் அங்கே சோதனைக் கூடம் அமைந்தது. 1915-ல் ஒரு மாதிரிக் கருவி உருவானது. ஆனால் நம்பி விற்கும் அளவுக்கு அது உழைக்கவில்லை.

வேறொருவராக இருந்தால் கைவிட்டிருப்பார். பியூக்கி விடவில்லை. கருவியை மட்டும் பார்க்காமல், என்ஜின் முழுவதையும் திரும்பவும் ஆராய்ந்தார். சிலிண்டர்களின் புகை ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளாதபடி தனித்தனிக் குழாய்களைப் பிரித்தார். உள்ளே தங்கும் பழைய புகையைப் புதுக் காற்றால் வெளியே தள்ள வழி செய்தார்.

1925-ம் ஆண்டு வெற்றி கிடைத்தது. என்ஜினின் திறன் 40 சதவீதம் உயர்ந்தது! அடுத்து, பிராய்சன், ஹான்சஸ்டாட் டான்சிக் என்ற இரண்டு ஜெர்மன் பயணிகள் கப்பல்களில் டர்போ பொருத்தப்பட்டது. 1,750 குதிரை சக்தி கொண்ட என்ஜின், 2,500 குதிரை சக்தி கொடுத்தது.

அதன் பிறகும் அவர் தனியாக ஓடவில்லை. பிரவுன் பொவேரி கம்பெனி டர்போக்களைச் செய்தது. விண்டர்தூர் ரயில் என்ஜின் தொழிற்சாலை, சோதனைக்கு டீசல் என்ஜின்களைக் கொடுத்தது. பியூக்கி பொறியியல் வேலையைக் கவனித்தார். 1938-ல் லாரி என்ஜினுக்கும் டர்போ வந்தது. 1959-ம் ஆண்டு, தம் 80-வது வயதில் பியூக்கி காலமானார்.

அவசரத்தின் விலை

அவர் மறைந்து மூன்றாம் ஆண்டில், 1962-ல், அமெரிக்காவில் ஜெட்பயர் என்ற டர்போ கார் விற்பனைக்கு வந்தது. அந்த நாட்டுக் கணக்கில் அது சிறிய கார். அதன் என்ஜினுக்குள் ஏற்கனவே அழுத்தம் அதிகம். டர்போவும் சேர்ந்ததால், பெட்ரோல் கண்ட நேரத்தில் வெடித்து என்ஜின் தட்டும் அபாயம் இருந்தது. அதைத் தடுக்கத் தண்ணீரும் சாராய வகையும் கலந்த திரவத்தை ஒரு தனித் தொட்டியில் ஊற்ற வேண்டும். பலர் ஊற்ற மறந்தார்கள். தொல்லை வந்தது. 1963-லேயே அந்தக் கார் நின்றுபோனது. வாங்கியவர்கள் பலருடைய கார்களில் டர்போவைக் கழற்றிவிட்டுச் சாதாரண கார்புரேட்டரை மாட்டினார்கள்.

பழைய சிறு காருக்கு டர்போ வைக்க நினைப்பவர்களுக்கு இது ஒரு பாடம்.

டர்போவின் விலை, செலவில் ஒரு பகுதிதான். சிறிய காரின் டர்போ, நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும். அதற்குத் தடையில்லாமல் ஆயில் வர வேண்டும். அழுத்திய காற்று சூடாகும். அதை ஆற்ற ஒரு குளிர்விப்பான் வேண்டும். பெட்ரோல் கூடுதலாக வர வேண்டும். புகைக் குழாயை மாற்ற வேண்டும். பிஸ்டனும் கேஸ்கெட்டும் புதுப் பளுவைத் தாங்க வேண்டும். கிளட்ச், ரேடியேட்டர், பிரேக் எல்லாம் அதற்கு ஈடு கொடுக்க வேண்டும். தேய்ந்த என்ஜினாக இருந்தால், முதல் செலவு அதைப் பிரித்துச் சரி செய்வதுதான்.

சட்டமும் இருக்கிறது. 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டம் போல் மாற்றுவதைத் தடுக்கிறது. ஆர்.டி.ஓ. ஆபீசிலும் இன்ஷூரன்ஸ் கம்பெனியிலும் முன்னதாகக் கேட்காமல் கை வைத்தால், விபத்து நேரத்தில் குடும்பமே தவிக்க நேரிடும்.

எல்லாச் செலவையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பார்த்தால், அந்தப் பழைய காரின் விலையையே தாண்டிவிடலாம். அப்படியானால், காரை நன்றாகப் பராமரித்து ஓட்டுவதே லாபம்.

சக்கரம் சிறியதுதான். ஆனால் அதைச் சுற்றியுள்ள அத்தனையும் தயாரான பிறகே அது பயன் தந்தது. அந்தத் தயாரிப்புக்குத்தான் பியூக்கி தம் வாழ்நாளில் இருபது ஆண்டுகளைச் செலவிட்டார்.